பால்கோவாச் சட்டியில் எது யாருடையது?

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குக் காப்புரிமை கிடையாது. இனி யார் விண்ணப்பித்தாலும் கிடைக்கப் போவதும் இல்லை. 2019-ல் கிடைத்தது புவிசார் குறியீடு. அது வேறு சட்டம், வேறு பதிவேடு. "எங்க கோவாவுக்கு பேட்டன்ட் வாங்கியாச்சு" என்று கடைக்காரர் ஒருவர் பெருமையாகச் சொன்னால் சிரித்துக்கொண்டு அரைக் கிலோ வாங்கி வரலாம், யாருக்கும் நஷ்டமில்லை. கிருஷ்ணன்கோவிலிலோ ராஜபாளையத்திலோ பொறியியல் படித்து முடித்து, சொந்தமாகச் செய்த ஓர் இயந்திரத்தோடு தொழில் தொடங்கப் போகிற பிள்ளை அதே குழப்பத்தில் இருந்தால் கதை வேறு. அவருக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காமல் போகும்.

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்று அடுத்தடுத்து இருக்கும் இந்த இரண்டு ஊர்களுக்குள் ஓர் இனிப்பு, நூற்பாலைகள், ஒரு நாய் இனம் என்று மூன்று புகழ்கள் இருக்கின்றன. அறிவின் மேல் சொத்துரிமை கேட்டால் சட்டம் எங்கே தலையாட்டும், எங்கே கையை விரிக்கும் என்பதைப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. சட்டத்துக்கு முன்னால் சட்டியைப் பார்த்துவிடுவோம். எதற்கு உரிமை கேட்கிறோம் என்பதே அங்கேதான் தெரியும்.

பத்து லிட்டர் பசும்பாலை அகன்ற சட்டியில் ஊற்றி அடுப்பை மூட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாலில் ஏறத்தாழ ஒன்பது கிலோ வெறும் தண்ணீர். கொழுப்பு, புரதம், பால் சர்க்கரை, தாது உப்புகள் எல்லாம் சேர்ந்தாலும் ஒன்றரைக் கிலோவை எட்டாது. அதோடு ஒன்றேகால் கிலோ சீனி போட்டு, முடிவில் மூன்றரைக் கிலோ கோவா இறக்குவதாகக் கணக்குப் போட்டால், எட்டு கிலோ தண்ணீரை ஆவியாக்கியிருக்க வேண்டும். பாலைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பத்தையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 21 மெகாஜூல் ஆற்றல். காய்ந்த விறகு ஒரு கிலோவுக்குள் 15 மெகாஜூல் அளவு இருக்கிறது. ஆக, ஏட்டுக் கணக்குப்படி ஒன்றரைக் கிலோ விறகு போதும். திறந்த அடுப்பு அந்த வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் சட்டிக்குள் அனுப்பும் என்று வைத்தால் ஏழு கிலோ எரிகிறது. மீதி வெப்பம் கிண்டுகிறவரின் முகத்துக்கும் கூரைக்கும் போகிறது.

வற்ற வற்றப் பாலின் குணம் மாறுகிறது. முதலில் அது தானாகவே புரண்டு கொதிக்கும். அடியில் சூடானது மேலே வரும், மேலே ஆறியது கீழே போகும். பால் கெட்டியானதும் இந்தப் புரளல் நின்றுவிடும். சட்டியின் அடியோடு ஒட்டியிருக்கும் மெல்லிய படலம் அங்கேயே மாட்டிக்கொள்ளும். பாலில் உள்ள மோர்ப் புரதங்கள் 70 டிகிரிக்கு மேலேயே குலைந்து ஒன்றோடொன்று பிணைய ஆரம்பிக்கும். நகராத படலத்தில் அவை சட்டியோடு ஒட்டும், பிறகு கருகும். இதைத்தான் அடிப்பிடிப்பது என்கிறோம். ஓரிடத்தில் பிடித்தால் போதும், முழுச் சட்டியும் தீய்ந்த வாசம் அடிக்கும். அதனால் துடுப்பு அடியைச் சுரண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசி கால் மணி நேரத்தில் கைக்கு ஓய்வே இருக்காது.

நிறம் எங்கிருந்து வருகிறது? சீனி கருகி வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். நாம் போடும் சீனிக்கு அதில் பெரிய பங்கு இல்லை. பாலிலேயே இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரைதான் புரதத்தில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பிடித்துக்கொள்கிறது. 1912-ல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமில் மயார் விவரித்த வினை இது. வறுத்த காப்பிக்கொட்டையின் மணத்துக்கும் ரொட்டியின் மேல்தோலின் நிறத்துக்கும் இதுவே காரணம். நாம் போடும் சீனியான சுக்ரோஸ் பிளவுபடாமல் இந்த வினைக்குள் வராது. பாலின் சொந்தச் சர்க்கரை பாலின் சொந்தப் புரதத்தோடு சேர்ந்து இந்த வெளிர்ப் பழுப்பைக் கொடுக்கிறது.

இதைவிட நுட்பமானது நாக்கில் படும் அந்த மெல்லிய மணல் தன்மை. பத்து லிட்டர் பாலில் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக லாக்டோஸ் உண்டு. முடிந்த கோவாவில் மிஞ்சும் தண்ணீர் ஒரு கிலோகூட இல்லை. அறை வெப்பத்தில் அந்தத் தண்ணீரால் இருநூறு கிராம் லாக்டோஸைக் கரைத்து வைத்துக்கொள்வதே கஷ்டம், அதிலும் சீனி வேறு இடம் பிடித்திருக்கிறது. அப்படியானால் கால் கிலோவுக்கு மேல் லாக்டோஸ் படிகமாகியே தீர வேண்டும். எவ்வளவு பெரிய படிகம் என்பதே கேள்வி. ஒரு மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்குக்குக் கீழே இருந்தால் நாக்கு அதை வெண்ணெயைப் போல உணரும். அதைத் தாண்டினால் நறநறக்கும். அசைக்காமல் மெதுவாக ஆறவிட்டால் படிகங்கள் குறைவு, ஒவ்வொன்றும் பெரிது. கிண்டிக்கொண்டே ஆற்றினால் எண்ணற்ற சிறு படிகங்கள். இறக்கிய பிறகும் கிண்டுவதை நிறுத்தாத கைக்கு இந்த வேதியியல் தெரியாது. பதம் தெரியும்.

இத்தனை அறிவியல் இருக்கிறதே, இதற்கு ஏன் காப்புரிமை இல்லை?

1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மூன்று சோதனைகள் வைக்கிறது. பொருளோ முறையோ உலகில் எங்கும் முன்பே வெளிப்பட்டிருக்கக் கூடாது. அந்தத் துறையில் தேர்ந்த ஒருவருக்கு உடனே தோன்றிவிடக்கூடியதாக இருக்கக் கூடாது. தொழிலில் பயன்பட வேண்டும். தலைமுறைகளாகக் கடைத்தெருவில் கிண்டப்படும் பால்கோவா முதல் சோதனையிலேயே விழுந்துவிடும். விழாவிட்டாலும் அதே சட்டத்தின் மூன்றாம் பிரிவு காத்திருக்கிறது. எவையெல்லாம் கண்டுபிடிப்பு ஆகாது என்று அது வரிசையாகச் சொல்கிறது. பாரம்பரிய அறிவும் அந்தப் பட்டியலில் உண்டு. பட்டியலில் அது ஏறியதன் பின்னணியில் ஓர் எரிச்சல் இருக்கிறது. மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பதற்கு 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். நம் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் குழுமம் பழைய நூல்களையும் கட்டுரைகளையும் கொண்டுபோய்க் காட்டி, 1997-ல் அதை ரத்து செய்ய வைத்தது. அதன் பிறகுதான் ஆயுர்வேத, யுனானி, சித்த மருத்துவ நூல்களை அயல்நாட்டுக் காப்புரிமை ஆய்வாளர்கள் படிக்கும்படி மின்நூலகமாக்கும் வேலை நடந்தது. பாட்டி வைத்தியத்தை ஆதாரத்தோடு எழுதி வைக்காவிட்டால் வேறொருவர் தன் பெயரில் எழுதி வைத்துக்கொள்வார் என்ற பாடத்தை ஒரு நாடே காசு செலவழித்துக் கற்றது.

சீனியை எந்த நேரத்தில் போடுவது, எந்த நிறத்தில் இறக்குவது என்று ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு ரகசியம் இருக்கும். ரகசியத்தை ரகசியமாகவே வைத்துக்கொள்வதும் ஒருவகைப் பாதுகாப்புதான். தொழில் ரகசியத்துக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. வேலையாளோடு போடும் ஒப்பந்தமும் நம்பிக்கைத் துரோகத்தை ஏற்காத நீதிமன்ற மரபும்தான் துணை. தனிச் சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2024-ல் தன் 289-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. கிண்டத் தெரிந்தவர் அடுத்த தெருவில் கடை போட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு எந்த அறிக்கையிலும் நல்ல பதில் இருக்காது என்றே தோன்றுகிறது. கைப்பழக்கத்தை யாரும் கழற்றி வைத்துவிட்டு வேலையை விட்டுப் போக முடியாதே.

ஆனால் துடுப்பை ஓர் இயந்திரம் பிடித்தால்? அங்கே கதவு திறக்கிறது.

இதில் ஓர் அழகான ஒற்றுமை. இந்தியாவில் காப்புரிமை போன்ற தனியுரிமைக்கு வழி செய்த முதல் சட்டம் 1856-ல் வந்தது. அந்த ஆண்டு மார்ச் 3 அன்று முதல் விண்ணப்பத்தைக் கொடுத்தவர் கல்கத்தாவில் இருந்த ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங் என்ற பொறியாளர். அவர் உரிமை கேட்டது பங்கா இழுக்கும் இயந்திரத்துக்கு. கூரையில் தொங்கும் துணி விசிறியை நாள் முழுக்கக் கயிறு பிடித்து இழுத்துக்கொண்டிருந்த கூலியாளின் கைக்கு மாற்று அது. முன்னும் பின்னும் சலிக்காமல் அசைய வேண்டிய ஒரு கை, அதை விடுவிக்க ஒரு பொறி. பால்கோவா கிண்டும் மோட்டார்த் துடுப்புக்கு அது ஒருவகையில் பெரியப்பா முறை. பாவம், அந்தச் சட்டத்துக்கே ஆயுள் இல்லை. இங்கிலாந்து அரசியின் முன் ஒப்புதலைப் பெறாமல் போட்ட சட்டம் என்று சொல்லி அடுத்த ஆண்டே நீக்கினார்கள். திருத்தத்தோடு 1859-ல் மீண்டும் வந்தது.

இப்போது நம் பொறியியல் பட்டதாரியிடம் வருவோம். மோட்டார் வைத்துக் கிண்டும் சட்டி ஒன்றைச் செய்துவிட்டார். அதற்குக் காப்புரிமை கிடைக்குமா? சட்டியும் மோட்டாரும் துடுப்பும் சேர்ந்த அமைப்புக்கு நிச்சயம் கிடைக்காது. இனிப்புப் பட்டறைகளில் அவை ஏற்கெனவே சுழல்கின்றன. பால் ஓடும் சூடான பரப்பைக் கத்திகள் இடைவிடாமல் சுரண்டும் வெப்பப் பரிமாற்றியைக் கோவா தயாரிப்புக்காகக் கர்னாலில் உள்ள தேசியப் பால் ஆராய்ச்சி நிறுவனமும் ஆனந்தில் உள்ள தேசியப் பால்வள வாரியமும் எப்போதோ உருவாக்கிவிட்டன. முன்பே இருப்பதைத் தேடிப் பார்க்காமல் இறங்குகிறவர், மற்றவர்கள் கண்டுபிடித்ததைச் சொந்தச் செலவில் இன்னொரு முறை கண்டுபிடிக்கிறார். தேடுவதற்குக் காசு வேண்டாம். இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் தரவுத்தளம் யாருக்கும் திறந்தே இருக்கிறது.

மேலே சொன்ன அறிவியல் இங்கேதான் கைகொடுக்கும். துடுப்பைச் சுழற்றும் மோட்டார் இழுக்கும் மின்சாரத்தை வைத்தே பால் எவ்வளவு கெட்டியாகிவிட்டது என்று அளந்து, அடுப்பின் தீயைத் தானாகக் குறைத்தால்? சட்டியிலிருந்து எழும் ஆவியைப் பிடித்து அடுத்த சட்டிப் பாலைச் சூடாக்கினால்? இறக்கிய கோவாவை ஆற்றும் வேகத்தையும் கிண்டும் வேகத்தையும் சேர்த்துக் கட்டுப்படுத்தி, லாக்டோஸ் படிகம் நறநறக்கும் அளவை எட்டாமல் பார்த்துக்கொண்டால்? இவற்றில் ஏதாவது ஏற்கெனவே யாரிடமாவது இருக்கலாம், தேடித்தான் பார்க்க வேண்டும். ஆனால் கேள்வி சரியான இடத்துக்கு வந்துவிட்டது. பால்கோவாவுக்கு உரிமை கேட்கவில்லை, கிண்டுவதற்கும் கேட்கவில்லை. பதம் பார்க்கும் கையின் ஒரு சிறு பகுதியை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்த அந்தக் குறிப்பிட்ட வழிக்கு மட்டும் கேட்கிறோம். காப்புரிமைப் பத்திரத்தின் உயிரே கடைசியில் வரும் கோரிக்கை வாசகங்கள்தான். வயல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கிரயப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுகிற மாதிரி அவற்றை எழுத வேண்டும். அதிகமாக வளைத்துப் போட்டால் அடுத்தவர் நிலம் உள்ளே வந்து பத்திரமே செல்லாமல் போகும். குறைத்து எழுதினால் அடுத்தவர் வரப்போரமாக நடந்து போய்விடுவார்.

இளைஞர்கள் தடுக்கி விழுகிற இடம் வேறு. கல்லூரியின் திட்டக் கண்காட்சியில் இயந்திரத்தை வைத்து, பத்திரிகையில் படம் வந்து, யூடியூபில் விளக்கமும் கொடுத்துவிட்டு, அதன் பிறகு விண்ணப்பிக்கப் போகிறார்கள். அதற்குள் புதுமை போய்விட்டது. தன் கண்டுபிடிப்பைத் தானே வெளியிட்டாலும் வெளியீடு வெளியீடுதான். மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சி, கற்றறிந்த சங்கத்தின் முன் படித்த கட்டுரை போன்ற சிலவற்றுக்கு மட்டும் பன்னிரண்டு மாத விலக்கு உண்டு. கல்லூரி ஆண்டு விழா அந்தக் கணக்கில் வராது. செய்ய வேண்டியது எளிது. காட்டுவதற்கு முன்னால் தற்காலிக விண்ணப்பம் ஒன்றைப் போட்டுவிட வேண்டும். தனிநபர், புத்தொழில் நிறுவனம், சிறுதொழில், கல்வி நிறுவனம் ஆகியோர் இணையவழியில் போட்டால் கட்டணம் 1,600 ரூபாய். பெரிய நிறுவனத்துக்கு 8,000. அந்தத் தேதியிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் முழு விவரணையைக் கொடுக்க வேண்டும், தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். பிறகு பரிசோதனைக் கட்டணம், வழக்கறிஞர் செலவு, ஆண்டுதோறும் புதுப்பிக்கும் கட்டணம் என்று வரிசையாக வரும். உரிமை நிற்பது இருபது ஆண்டு. இந்தியக் காப்புரிமை இந்தியாவுக்குள் மட்டும் செல்லும் என்பதும் பலருக்குத் தெரியாது.

எதிர்ப்பதற்கும் வழி இருக்கிறது. விண்ணப்பம் வெளியான பிறகு, உரிமை வழங்கப்படுவதற்கு முன், யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுதலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் பட்டறைக்காரர் ஒருவர், "இந்த இயந்திரம் விண்ணப்பத் தேதிக்கு முன்பிருந்தே எங்கள் கொட்டகையில் எல்லாரும் பார்க்கச் சுற்றிக்கொண்டிருக்கிறது" என்று ஆதாரத்தோடு சொன்னால், எவ்வளவு பெரிய நிறுவனத்தின் விண்ணப்பமும் ஆட்டம் காணும்.

அங்கிருந்து ராஜபாளையம் பக்கம். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸுக்குப் பிறகு இந்த ஊர் நூல் ஊராகவே ஆகிவிட்டது. ஆலைகளில் ஓடும் ரிங் ஃபிரேமின் அடிப்படைக்கு 1828-ல் அமெரிக்காவில் ஜான் தோர்ப் காப்புரிமை வாங்கினார். அது காலாவதியாகி நூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது, ராஜபாளையத்தில் யாரும் அவர் வாரிசுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. காப்புரிமையின் பேரமே இதுதான். உனக்குச் சில ஆண்டுத் தனியுரிமை தருகிறேன், பதிலுக்கு எப்படிச் செய்தாய் என்பதை ஒளிக்காமல் எழுதிக்கொடு, காலம் முடிந்ததும் அது எல்லாருக்கும். இந்தப் பேரத்தில் ஏமாற்றப் பார்த்தவர் நூற்புத் தொழிலின் மாபெரும் பெயர்களில் ஒருவரான ரிச்சர்ட் ஆர்க்ரைட். 1775-ல் அவர் வாங்கிய காப்புரிமையின் விவரணை வேண்டுமென்றே மங்கலாக எழுதப்பட்டிருந்தது, அதைப் படித்து யாரும் இயந்திரத்தைக் கட்ட முடியாது என்று போட்டியாளர்கள் வழக்குப் போட்டார்கள். கண்டுபிடிப்பே அவருடையது இல்லை என்றும் சாட்சி சொன்னார்கள். 1785-ல் நீதிமன்றம் அந்த உரிமையைச் செல்லாததாக்கியது. அதற்குள் அவர் பெரும் பணக்காரராகிவிட்டார் என்பது வேறு விஷயம். இன்றைய இந்தியச் சட்டமும் தனக்குத் தெரிந்த மிகச் சிறந்த செயல்முறையை விண்ணப்பதாரர் எழுதித்தான் ஆக வேண்டும் என்கிறது. பாதியைச் சொல்லிப் பாதியை முந்தானையில் முடிந்துகொள்ள விரும்புகிறவர் காப்புரிமைப் பக்கமே வரக் கூடாது.

காலாவதியான காப்புரிமைகளைப் பற்றி நம் கல்லூரிகளில் யாரும் பேசாதது எனக்குப் புரியாத விஷயம். உலகம் முழுதும் காலங்காலமாகப் பொறியாளர்கள் வரைபடத்தோடு, அளவோடு எழுதிக்கொடுத்துவிட்டுப் போன ஆவணங்கள் இலவசமாகக் கிடக்கின்றன. படித்து அப்படியே செய்யலாம், விற்கலாம்.

மூன்றாவது புகழ், ராஜபாளையம் நாய். தூய வெள்ளை ரோமம், இளஞ்சிவப்பு மூக்கு. 2005-ல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய் வரிசைத் தபால்தலைகளில் இதற்கும் ஒன்று. தாவரங்களும் விலங்குகளும் முழுதாகவோ பகுதியாகவோ கண்டுபிடிப்பு ஆகாது, நுண்ணுயிர்களுக்கு மட்டும் விலக்கு என்பது இந்தியச் சட்டம். அமெரிக்கா வேறு வழியில் போனது. மரபணு மாற்றிய எலிக்கு 1988-ல் காப்புரிமை கொடுத்தது. நம் ஊரில் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் முதோலையும் இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. அது அடையாளம், சொத்துரிமை இல்லை.

தூய வெள்ளைக்கு இந்த நாய் கொடுக்கும் விலை ஒன்று உண்டு. குட்டிகளில் சில காது கேளாதவை. நிறத்துக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்? தோலுக்கும் ரோமத்துக்கும் நிறம் கொடுக்கும் மெலனோசைட் செல்கள் உட்காதிலும் இருக்கின்றன. ஒலியை மின்துடிப்பாக மாற்றும் செல்களைச் சூழ்ந்த திரவத்தில் பொட்டாசியம் அளவைக் காப்பது அங்கே அவற்றின் வேலை. கருவில் இந்தச் செல்கள் காதுவரை போய்ச் சேராவிட்டால், பிறந்து சில வாரங்களில் ஒலியை உணரும் செல்கள் அழிகின்றன. வெள்ளையை மட்டுமே பார்த்துத் தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்தால் இது கூடும். இந்த நாய்க்கும் புவிசார் குறியீடு வாங்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா கடக்நாத் கோழிக்கு 2018-ல் கிடைத்தது. ஆனால் பதிவு அதன் இறைச்சிக்கு. நம் நாய்க்கு அந்த வழி இல்லை, நல்லவேளை.

மறுபடியும் பால்கோவாவின் பெயருக்கு வருவோம். புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-ல் நிறைவேறி 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் பதிவகம் நாடு முழுதுக்கும் ஒன்றே. அது சென்னை கிண்டியில், காப்புரிமை அலுவலகம் இருக்கும் வளாகத்திலேயே இருக்கிறது. முதல் பதிவு டார்ஜிலிங் தேயிலை. ஒரு பொருளின் தரமோ புகழோ அது விளையும் இடத்தைச் சார்ந்திருந்தால் அந்த இடப்பெயருக்குப் பாதுகாப்பு. இனிப்பு, சேலை, பூ மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம், கோயம்புத்தூர் வெட் கிரைண்டரும் திண்டுக்கல் பூட்டும்கூடப் பதிவேட்டில் உண்டு. இந்த உரிமையைத் தனியொருவர் வைத்துக்கொள்ள முடியாது, விற்கவும் முடியாது. அந்தப் பகுதியில் முறைப்படி செய்கிற எவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்துகொள்ளலாம். பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் முடிவே இல்லை.

அது தடுப்பது பெயரை மட்டும். மதுரையில் ஒருவர் அதே பாலில், அதே விறகில், அதே பதத்தில் கிண்டி 'பால்கோவா' என்று விற்றால் சட்டம் ஒன்றும் செய்யாது. 'ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா' என்று அட்டை ஒட்டினால் சிறைவரை போகலாம். ஊருக்குள் இருக்கும் கடைகள் ஒன்றிலிருந்து ஒன்று தங்களைப் பிரித்துக் காட்ட வேண்டுமானால் அதற்கு வணிகச் சின்னம் இருக்கிறது. 'ஒரிஜினல்' என்ற வார்த்தையைப் பெரிய எழுத்தில் போடுவதால் எதுவும் கிடைக்காது, வெறும் வர்ணனைச் சொல்லைத் தன் சின்னம் என்று யாரும் பதிய முடியாது. ஊரில் இருக்கும் ஆண்டாள் கோயில் கோபுரத்தைச் சின்னமாக்க நினைக்கிறவர்களும் யோசிக்க வேண்டும். தமிழக அரசின் முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரம்தான் என்று ஊர் சொல்கிறது. அரசு முத்திரையைப் போன்ற தோற்றத்தில் வணிகச் சின்னம் கேட்டால் மறுக்க 1950-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது.

இவ்வளவு உரிமை இருந்தும், டப்பாவைத் திறந்து பார்த்து இது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோவாதானா என்று எப்படிச் சொல்வது? இத்தாலியின் பார்மிஜானோ பாலாடைக் கட்டிக்கு ஐசோடோப்புகளை வைத்துச் சோதிக்கிறார்கள். மாடு குடிக்கும் தண்ணீரில் உள்ள ஆக்சிஜன், ஹைட்ரஜன் அணுக்களில் கனமானவற்றின் விகிதம் மழை, உயரம், கடலிலிருந்து தூரம் ஆகியவற்றைப் பொறுத்து இடத்துக்கு இடம் மாறும். மாடு தின்பது சோளத்தட்டையா வைக்கோலா என்பதைப் பாலில் உள்ள கார்பன் காட்டிக்கொடுக்கும், ஏனென்றால் சோளமும் நெல்லும் காற்றிலிருந்து கார்பனைப் பிடிக்கும் முறை வேறு வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து மாட்டின் பாலில் அந்த இடத்தின் கைரேகை இருக்க வேண்டும்.

பால்கோவாவில் ஒரு சிக்கல் உண்டு. கரும்பும் சோளத்தின் வகையறாதான். கோவாவில் கலந்த சீனியின் கார்பன், பாலின் கார்பன் சொல்ல வருவதை மூழ்கடித்துவிடும். அதனால் முதலில் சீனியைக் கழுவி நீக்கி, புரதத்தையும் கொழுப்பையும் தனியே எடுத்துச் சோதிக்க வேண்டும். மலையடிவாரக் கிராமங்களின் பாலை மழைக்காலத்திலும் கோடையிலும் எடுத்து ஒரு வரைபடம் போட வேண்டும், பக்கத்து மாவட்டங்களின் பாலோடு ஒப்பிட வேண்டும். சுற்றியிருக்கும் பொறியியல் கல்லூரிகளுக்கு ஏற்ற வேலை இது. கடைக்காரரின் மேசையிலேயே வைத்துச் சில நிமிடத்தில் விடை சொல்லும் கருவியாக அதை யாராவது சுருக்கினால், அந்தக் கருவிக்குக் காப்புரிமை கேட்க மூன்றாம் பிரிவு குறுக்கே நிற்காது. கண்காட்சியில் வைப்பதற்கு முன் 1,600 ரூபாய் கட்டிவிட வேண்டும், அவ்வளவுதான்.